கே கோடும் கொடைரோடும்

திண்டுக்கல்லில் ரயிலேறி மதுரைப் பக்கம் போனால் அம்பாத்துரைக்கு அடுத்து வருவது கொடைரோடு. ஊர் அம்மையநாயக்கனூர், ஸ்டேஷனுக்கு மட்டும் மலையின் பெயர். கலெக்டர்களும் பாதிரிமார்களும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் வெயிலுக்குப் பயந்து வந்து இறங்கிய பிளாட்பாரம் அது. மலையில் மோட்டார் ஓடாத காலத்தில், அங்கிருந்து மாட்டு வண்டியில் மலையடிவாரம் வரை போய், கிருஷ்ணம நாயக்கன் தோப்பில் இளைப்பாறி, பிறகு மட்டக் குதிரையிலோ ஆட்கள் சுமக்கும் டோலியிலோ ஏறியாக வேண்டும். வத்தலக்குண்டு வழியாக லாஸ் காட் சாலை போட்டு முடிந்ததே 1910-களின் நடுவில்தான்.

வெயிலுக்குப் பயந்தவர்கள் ஏறிய அந்த மலைக்கு, வெயிலையே தேடிச் சிலர் ஏறினார்கள். அவர்களுக்குச் சூரியன்தான் வேலை.

1960-ல் அங்கே, கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தின் இயக்குநராக வந்தவர் மணலி கல்லாட் வைணு பாப்பு. பூர்வீகம் தலச்சேரி, பிறந்தது 1927-ல் சென்னையில், வளர்ந்தது ஐதராபாத்தில். படிக்கப் போனது அமெரிக்கா. இந்த நாட்டில் வெளிநாடு போய்ப் படித்துத் திரும்பிய விஞ்ஞானிகள் நூற்றுக்கணக்கில் உண்டு. பாப்புவின் கதையை அவற்றிலிருந்து பிரித்துக் காட்டுவது ஒன்றுதான். அவர் அந்நிய மண்ணில் எந்தக் கோட்டை அளக்கக் கற்றுக்கொண்டாரோ, அதே கோட்டைத் திண்டுக்கல் சமவெளிக்கு மேலே இருந்த அந்த மலையில் அரை நூற்றாண்டாக யாரோ படம் பிடித்து அடுக்கி வைத்திருந்தார்கள்.

அந்த அடுக்கின் கதை பஞ்சத்தில் தொடங்குகிறது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வறுத்தெடுத்த தாது வருஷப் பஞ்சம், வானத்தை நம்பிய பூமிகளைத்தான் முதலில் தின்றது. அப்போது மதுரை ஜில்லாவில் இருந்த திண்டுக்கல் சீமையும் அப்படிப்பட்ட பூமியே. அகரம், தாடிக்கொம்பு, வேடசந்தூர் என்று குடகனாற்றை ஒட்டிய ஊர்களில் இன்றைக்கும் ஐப்பசி மழை பொய்த்தால் கிணறு பேசாது. பஞ்சத்துக்குப் பிறகு அரசாங்கத்துக்கு ஒரு கேள்வி வந்தது: மழை வருமா வராதா என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ள முடியாதா? சூரியனில் தோன்றும் கரும்புள்ளிகளுக்கும் பருவமழைக்கும் தொடர்பு இருக்கிறது என்ற நம்பிக்கை அன்றைய லண்டன் விஞ்ஞானிகள் சிலரிடம் பலமாக இருந்தது. சூரியனை நாள் தவறாமல் கவனித்தால் மழையின் கணக்கு பிடிபடும் என்று நினைத்தார்கள். 1893-ல் கெல்வின் பிரபு தலைமையில் கூடிய குழு, பழனி மலைத்தொடரில் கொடைக்கானலைத் தேர்ந்தெடுத்தது. இடம் பார்த்து, கட்டடம் எழுப்பி, பொறுப்பேற்றவர் சென்னை கிறிஸ்துவக் கல்லூரியில் பேராசிரியராக இருந்த மிச்சி ஸ்மித். 1899 ஏப்ரல் 1-ம் தேதி முதல் நுங்கம்பாக்கத்தில் இருந்த பழைய ஆய்வகத்தின் வானியல் வேலை இந்த மலைக்கு மாறியது. கடல் மட்டத்திலிருந்து 2,343 மீட்டர் உயரம்.

மழை எப்போது வரும் என்பதைச் சூரியன் கடைசிவரை சொல்லவில்லை. ஆனால் பார்க்கிற பழக்கம் நிலைத்துவிட்டது.

நிறமாலைக்காரர்கள் ‘கே கோடு’ என்று சொல்வதைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லியாக வேண்டும். சூரிய ஒளியைப் பிரித்தால் வானவில்லின் நிறங்களுக்கு நடுவே கறுப்புக் கறுப்பாகக் கோடுகள் தெரியும். ஒவ்வொரு கோடும் ஒரு தனிமத்தின் கையெழுத்து. ஊதா ஓரத்தில், கண்ணுக்கு அரைகுறையாகத் தெரிகிற இடத்தில், கால்சியம் போட்ட இரண்டு தடித்த கோடுகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றுக்கு எச் என்று பெயர், இன்னொன்றுக்கு கே. கே கோட்டின் ஒளியை மட்டும் ஒரு மெல்லிய பிளவு வழியாக விட்டு, மீதியை மறைத்து, அந்தப் பிளவைச் சூரிய வட்டத்தின் மேல் மெதுவாக நகர்த்திக்கொண்டே போனால், கண்ணாடித் தகட்டில் வேறொரு சூரியன் உருவாகும். வழக்கமான வெள்ளை வட்டம் இருக்காது. மேற்பரப்புக்கு மேலே இருக்கும் அடுக்கு, வெண்திட்டுகளும் வலைப்பின்னலுமாகத் தெரியும். இதைச் செய்யும் கருவி கேம்பிரிட்ஜிலிருந்து வந்து 1904 வாக்கில் கொடைக்கானலில் நிறுவப்பட்டது. வானம் தெளிந்த காலைகளில் ஒரு தகடு. மறுநாள் இன்னொன்று. வெள்ளையொளியில் 20 சென்டிமீட்டர் அகலத்துக்குச் சூரியனைப் பதிவு செய்யும் வேலை, ஆறங்குலத் தொலைநோக்கி ஒன்றில் தனியாக நடந்தது. உலகப் போர்கள் இரண்டு வந்துபோயின. படம் எடுப்பது நிற்கவில்லை.

1907 ஜனவரியில் ஜான் எவர்ஷெட் மனைவி மேரியுடன் வந்து சேர்ந்தார். இங்கிலாந்திலிருந்து நேரே வராமல் அமெரிக்கா, ஜப்பான் என்று உலகைச் சுற்றிக்கொண்டு வந்தார். வழியில் கலிபோர்னியாவின் மவுண்ட் வில்சன் மலையில் ஜார்ஜ் ஹேல் கட்டியிருந்த புதிய சூரிய ஆய்வகத்தைப் பார்த்துவிட்டே கப்பலேறினார். வந்த இரண்டாவது ஆண்டின் முடிவில், 1909 ஜனவரி 5 அன்று, கரும்புள்ளிகளின் ஓரத்தில் கோடுகள் லேசாகச் சாய்வதைக் கண்டார். புள்ளியின் நடுவிலிருந்து வாயு வெளிப்பக்கமாகப் பாய்கிறது என்பதுதான் அதற்குப் பொருள். இன்று உலகம் முழுக்கச் சூரிய இயற்பியல் பாடநூல்களில் ‘எவர்ஷெட் விளைவு’ என்று இருப்பது கொடைக்கானல் குளிரில் எடுத்த தகடுதான். மேரி சும்மா இருக்கவில்லை. மலையில் இருந்த நாட்களில் கவிஞர் தாந்தேயையும் பழைய வானியலாளர்களையும் பற்றி ஒரு புத்தகம் எழுதி 1913-ல் வெளியிட்டார். துரை பெயரில் விளைவு, துரைசானி பெயரில் புத்தகம். தகடு கழுவி, அளந்து, பட்டியல் போட்ட சீதாராம ஐயர், நாகராஜ ஐயர் போன்ற உதவியாளர்களின் பெயர்கள் ஆய்வகத்தின் பழைய அறிக்கைகளில் கிடக்கின்றன. உலகம் சுற்றிக் கற்றுக்கொண்டு வரும் யோகம் அந்தக் காலத்தில் ஒரு பக்கத்துக்கு மட்டும்தான்.

நம்மவர்கள் சீமைக்குப் போனது எப்படி? சென்னை ஆய்வகத்தில் சிந்தாமணி ரகுநாதாச்சாரி, 1867-ல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்து, 1872-ல் லண்டன் ராயல் வானியல் சங்கத்தின் உறுப்பினரானார். அத்தனையும் சென்னையில் இருந்தபடி. கடல் தாண்டினால் சாதிப் பிரஷ்டம் என்ற காலம். போவதற்குப் பணமும் கிடையாது. 1914 மார்ச்சில் ராமானுஜன் கப்பலேறியபோதுகூட, நாமகிரித் தாயார் கனவில் உத்தரவு கொடுத்ததாக அவர் அம்மா சொன்ன பிறகே சம்மதம் கிடைத்தது என்று ஒரு கதை வழங்குகிறது. ஐந்து ஆண்டுகள் கழித்து எஃப்.ஆர்.எஸ். பட்டத்தோடு திரும்பினார், உடம்பு உருக்குலைந்து. 1920 ஏப்ரலில் முடிந்துவிட்டது.

அடுத்தவர் சந்திரசேகர். பிரசிடென்சி கல்லூரியில் படித்து முடித்த பையன்; 1930 கோடையில் அரசாங்க உதவித்தொகையோடு பம்பாயில் கப்பலேறியபோது வயது 19. விண்மீன்கள் எரிந்து முடிந்தபின் என்ன ஆகும் என்ற கணக்கை அந்தக் கப்பலிலேயே போட்டுப் பார்த்தார் என்பது இன்று பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் தெரிந்த செய்தி. 1936-ல் ஊர் வந்து லலிதாவைக் கல்யாணம் செய்துகொண்டு திரும்பிப் போனார். அதற்கப்புறம் அவருக்கு ஊர் சிகாகோ. 1953-ல் கணவன் மனைவி இருவரும் அமெரிக்கக் குடியுரிமை பெற்றார்கள்.

ஒருவர் சாக வந்தார், ஒருவர் வரவே இல்லை. கடல் கடந்த தமிழ் விஞ்ஞானிகளைப் பற்றி நம் பத்திரிகைகள் எழுதும்போது இந்த இரண்டு கதைகளைத்தான் திரும்பத் திரும்ப எழுதுகின்றன. இரண்டிலும் கண்ணீருக்கு இடம் இருக்கிறது என்பது காரணமாக இருக்கலாம். சந்திரசேகர் அமெரிக்கக் குடிமகனான அதே 1953-ல் அமெரிக்காவிலிருந்து இந்தியாவுக்குத் திரும்பியவரை நாம் அதிகம் கொண்டாடவில்லை.

பாப்புவின் அப்பா ஐதராபாத் நிஜாமியா ஆய்வகத்தில் உதவியாளர். கப்பல் பட்டறைக்காரர் மகன் உளியோடு வளர்வதுபோல இவர் தொலைநோக்கியோடு வளர்ந்தார். ஐதராபாத் அரசின் உதவித்தொகையில் 1949-ல் ஹார்வர்டு போய்ச் சேர்ந்தார். வந்து சில மாதங்களே ஆன கோடை. ஜூலை 2 இரவு எடுத்த பிளேட் ஒன்றைக் கழுவிப் பார்த்தார். பிளேட் என்றால் மருந்து பூசிய கண்ணாடி. இருட்டறையில் கழுவிக் காயவைத்து, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, உருப்பெருக்கியை ஒட்டவைத்துத் தேட வேண்டும். எல்லாம் தலைகீழ்: வானம் வெளுப்பாகவும் விண்மீன்கள் கறுப்புப் புள்ளிகளாகவும் இருக்கும். புள்ளி புள்ளியாக இருக்க வேண்டிய இடத்தில் ஒன்று மட்டும் தீற்றலாக இருந்தது. தீற்றலுக்கு இரண்டு காரணம் இருக்கலாம்: பிளேட்டில் கறை, அல்லது வால்நட்சத்திரம். பேராசிரியர் பார்ட் போக், உடன் இருந்த கார்டன் நியூகிர்க் ஆகியோர் சேர்ந்து உறுதி செய்தார்கள். கறை இல்லை.

மூவர் பெயரையும் கோத்து ‘பாப்பு-போக்-நியூகிர்க்’ என்று அதற்குப் பெயர். முதல் பெயர் மாணவனுடையது. பசிபிக் வானியல் சங்கம் தன் டானஹோ பதக்கத்தை அந்த மாணவனுக்குக் கொடுத்தது. அந்த வால்நட்சத்திரம் சூரியனைச் சுற்றி வர ஏறத்தாழ 60,000 ஆண்டு பிடிக்கும் என்று கணக்கு வந்தது. அடுத்த தடவை அதைப் பார்க்கப்போவது யார் என்று தெரியாது.

போன சில மாதங்களிலேயே மாணவனுக்கு வால்நட்சத்திரம் கிடைத்தது அதிர்ஷ்டம். 1952-ல் முனைவர் பட்டம் முடித்து, கார்னகி உதவித்தொகையில் கலிபோர்னியாவின் பாலோமர் மலைக்குப் போனபின் நடந்ததில் அதிர்ஷ்டம் இல்லை. அங்கே ஓலின் வில்சனோடு சேர்ந்து, சூரியனைவிடக் குளிர்ந்த விண்மீன்களின் நிறமாலையை அளந்தார். கே கோடு கறுப்பாக இருந்தாலும், அதன் அடியில் ஒரு மெல்லிய வெளிச்சக் கீற்று எழும். அந்தக் கீற்றின் அகலம், விண்மீனின் உண்மையான பிரகாசத்தோடு சேர்ந்து கூடுகிறது என்று இருவரும் கண்டார்கள். பெரிய விண்மீன் என்றால் அகலக் கீற்று. சின்னது என்றால் குறுகல். இது ஏன் முக்கியம் என்றால், வானத்தில் மங்கலாகத் தெரிகிற ஒன்று உண்மையிலேயே மங்கலா, இல்லை தூரத்தில் இருப்பதால் மங்கலா என்று சொல்ல முடியாமல்தான் வானியலாளர்கள் காலகாலமாகத் தவித்தார்கள். கே கோட்டை அளந்தால் விண்மீனின் அசல் ஒளி தெரியும். அசல் தெரிந்தால் தூரம் தெரியும். 1957-ல் கட்டுரை வெளியானது. ‘வில்சன்-பாப்பு விளைவு’ என்று பெயர் நிலைத்தது.

கட்டுரை வெளியாகும் முன்பே பாப்பு ஊர் திரும்பியிருந்தார். மாலை மரியாதை, மேளம் என்றெல்லாம் எதுவும் இல்லை. உத்தரப் பிரதேச அரசு 1954-ல் காசியில், சமஸ்கிருதக் கல்லூரி வளாகத்தில் ஒரு வானாய்வகம் தொடங்கியது. தொடங்கிய கணித அறிஞர் ஏ. என். சிங் சில மாதங்களில் காலமானார். அந்த நாற்காலியில் பாப்பு உட்கார்ந்தார். கங்கைக் கரைப் புழுதியில் விண்மீன் பார்க்க முடியாது என்பது அவருக்கு ஒரே பார்வையில் தெரிந்திருக்கும். ஆய்வகத்தை அடுத்த ஆண்டே இமயமலை அடுக்கில் நைனிதாலுக்கு மாற்ற வைத்தார். பாலோமரில் அன்று உலகிலேயே பெரிய தொலைநோக்கியைப் பார்த்த மனுஷன் காசிக்கு வந்து சலித்துக்கொள்ளாமல் ஊர் மாற்றும் வேலையில் இறங்கினார் என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது.

1960-ல் கொடைக்கானல். அவருக்கு முன் இயக்குநராக இருந்த ஏ. கே. தாஸ் புதிய கருவிகளுக்கு ஏற்பாடு செய்திருந்தார். அவற்றில் முக்கியமானது சுரங்கத் தொலைநோக்கி. 11 மீட்டர் கோபுரத்தின் உச்சியில் இரண்டு கண்ணாடிகள் சூரியனைத் துரத்திப் பிடித்து ஒளியைக் கீழே இறக்கும். அது தரைக்கு அடியில் 60 மீட்டர் நீளச் சுரங்கத்தில் ஓடி, 34 சென்டிமீட்டர் அகலச் சூரியனாக விழும். உச்சிவெயிலிலும் உள்ளே இருட்டு. நடுவில் தட்டு அளவு சூரியன், அதன்மேல் மிளகுபோலக் கரும்புள்ளிகள். அதை நிறுவி ஓடவைத்தவர் பாப்பு.

பாலோமரில் கிடைத்த விளைவுக்கு ஒரு குறை இருந்தது. அளவு சரியாக வருகிறது, ஏன் வருகிறது என்று தெரியவில்லை. தூரத்து விண்மீன் ஒரு புள்ளி. அதற்குள் எந்த இடம் அந்தக் கீற்றை உண்டாக்குகிறது என்று பிரித்துப் பார்க்க வழியில்லை. ஒரே ஒரு விண்மீனை மட்டும் அருகில் வைத்துத் துண்டு துண்டாகப் பார்க்கலாம், அது சூரியன். சூரியனைக் கே கோட்டில் பார்க்க உலகத்திலேயே தோதான இடங்களில் ஒன்று இப்போது அவர் கையில். கே. ஆர். சிவராமனோடு சேர்ந்து சூரியனின் மேலடுக்கில் மினுக்கும் நுண்ணிய புள்ளிகளை ஆராய்ந்து, கீற்றுக்கு அவையே பொறுப்பு என்று 1971-ல் எழுதினார். கலிபோர்னியாவில் கேட்ட கேள்விக்குப் பழனி மலையில் பதில்.

அதே ஆண்டில் கொடைக்கானல் ஆய்வகம் வானிலைத் துறையின் பிடியிலிருந்து விலகி, இந்திய வான் இயற்பியல் நிறுவனம் என்ற தன்னாட்சி அமைப்பானது. கொடைக்கானல் பகலுக்கு நல்லது. ராத்திரி வேலைக்கு மேகமும் பனியும் தொல்லை. அதனால் விண்மீன்களுக்கு வேறு இடம் தேடி ஜவ்வாது மலையில் காவலூரைப் பாப்பு முன்பே பிடித்திருந்தார். அங்கே முதலில் வைத்தது 38 சென்டிமீட்டர் தொலைநோக்கி, நிறுவனத்தாரே செய்தது. 1972-ல் ஜெர்மனியின் ஜீஸ் கம்பெனியிலிருந்து ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்தது. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு விண்மீனை மறைத்தபோது, காவலூரில் பட்டாச்சார்யாவும் குப்புசாமியும் ஒளி விட்டுவிட்டு மங்குவதைப் பதிவு செய்தார்கள். யுரேனஸுக்கு வளையம் உண்டு என்று உலகம் தெரிந்துகொண்ட இரவு அது.

1979-ல் சர்வதேச வானியல் ஒன்றியத்தின் தலைவராகப் பாப்பு தேர்ந்தெடுக்கப்பட்டார். அந்தப் பதவிக்கு வந்த முதல் இந்தியர். 1982 ஆகஸ்டில் அந்த ஒன்றியத்தின் மாநாடு கிரீஸில் பாட்ராஸ் நகரில் நடந்தது. தலைவர் வர முடியவில்லை. மியூனிக் நகரில் இதய அறுவைசிகிச்சைக்குப் பின் ஆகஸ்ட் 19 அன்று காலமானார், 55 வயதில். காவலூரில் அவர் கட்டிக்கொண்டிருந்த 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986 ஜனவரி 6 அன்று திறக்கப்பட்டபோது, பிரதமர் ராஜீவ் காந்தி அதற்கு அவர் பெயரையே வைத்தார். கண்ணாடியை நம் ஆட்களே அரைத்துத் தேய்த்திருந்தார்கள்.

இன்றைக்கு மூன்றாம் ஆண்டு பொறியியல் படிக்கும் பிள்ளை கோடை விடுமுறையில் கனடா போய் ஆய்வுக்கூடத்தில் 12 வாரம் வேலை பார்த்துவிட்டு வரலாம். ‘மிட்டாக்ஸ் குளோபலிங்க்’ போன்ற திட்டங்கள் அதற்காகவே இருக்கின்றன. கடல் தாண்டக் கனவில் உத்தரவு வேண்டாம், விசா போதும். போய் வந்த பிள்ளையைக் கேட்டால் பனி, பேருந்து, பேராசிரியரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது என்று முதலில் சொல்லும்; அம்மா வைத்த குழம்பைப் பற்றி அதற்கடுத்து. கற்ற வேலையைத் தொடர இங்கே எந்த மேஜை காத்திருக்கிறது என்று கேட்டால்தான் பேச்சு நிற்கும். பாப்புவுக்குக் கொடைக்கானல் இருந்தது. இல்லாத இடத்தில் காவலூரை அவரே உண்டாக்கிக்கொண்டார். அது எல்லோருக்கும் வாய்க்காது; வாய்க்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமில்லை.

ஓட்டம் இப்போது எதிர்த் திசையிலும் இருக்கிறது. நூறாண்டுக்கு மேலான கொடைக்கானல் தகடுகளை வருடியெடுத்துக் கணினியில் ஏற்றிப் பொதுவில் வைத்துவிட்டார்கள். சூரியனின் பழைய நடத்தையைத் தெரிந்துகொள்ள ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இருக்கிற ஆய்வாளர்கள் அவற்றை எடுத்துப் பயன்படுத்துகிறார்கள். எந்த ஆண்டுத் தகடு எப்படி மங்கியிருக்கிறது, அதை எப்படிச் சரிக்கட்டுவது என்பதற்கே தனிக் கட்டுரைகள் வருகின்றன. கோடையில் நாட்டின் பல மூலைகளிலிருந்து இயற்பியல் மாணவர்கள் கொடைக்கானல் ஆய்வகத்துக்குக் கோடைப் பள்ளிக்காக வருகிறார்கள். 2024-ல் ஆய்வகத்துக்கு 125 வயது நிறைந்தது. ஆறங்குலத் தொலைநோக்கி இன்னும் வேலையில்தான் இருக்கிறது.